அரை ஆழாக்கு

இருபத்தாறு வயதில் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டு சிலிகான் இம்ப்ளான்ட் வைத்தார்கள். அளவை அம்மாவும் டாக்டரும் பேசி முடித்தார்கள். எனக்கு உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்தது.

இப்போது அது கிழிந்துவிட்டது, மாத்தணும். நடுவில் மகள் பிறந்து, பால் குடித்து, வலது பக்கம் பெருத்துத் தளர்ந்துவிட்டது. இடதுக்கு மட்டும் இன்னும் இருபத்தாறு.

"எத்தனை சிசி கூட்டலாம்?" என்றார் டாக்டர். பிரா சைஸ் கணக்கு இங்கே உதவாது. நெஞ்சின் அகலம்தான் வரம்பு. வீட்டில் அரிசியை அளந்து பையில் கட்டி பிராவுக்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

அம்மாவின் ஆழாக்கு 168 மில்லி. அதில் பாதியை வைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். ஸ்டாண்டப் மீட்டிங்கில் யாரும் கவனிக்கவில்லை. எனக்குத்தான் கனத்தது. மூன்றாம் நாள் கொஞ்சம் அரிசியை எடுத்தேன்.

"எவ்வளவுடி எடுத்த?" என்றாள் அம்மா.

டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்மா என்றேன்.