மெழுகுப் பதம்

பொங்கல் கழிந்ததும் அப்பா செய்யும் முதல் வேலை, அறுவடைக்கு நிற்கும் தாளடி வயலுக்குள் இறங்கி மண்ணை மிதித்துப் பார்ப்பது. குதிகால் தடம் விழ வேண்டும். தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. காவிரிப் படுகையில் அதை மெழுகுப் பதம் என்போம். அந்தப் பதம் வந்த அன்றே, நெற்கதிருக்கு ஊடாகக் கைவீச்சில் உளுந்தைத் தெளித்துவிடுவார். ஏரும் கிடையாது, பாசனமும் கிடையாது. அடுத்த ஏழெட்டு நாளில் அறுப்பு. ஆட்கள் அரிவாளோடு இறங்கும்போது தாளடியில் உளுந்து முளைத்திருக்கும். மிச்ச ஈரத்தையும் பனியையும் குடித்தே 70, 75 நாளில் காய்த்து முற்றிவிடும்.

எனக்கு இருபத்தைந்து வயதில் இது சோம்பேறி வெள்ளாமையாகப் பட்டது. "உழாத மண்ணில் என்னப்பா விளையும்?" என்று வாதாடி, அறுப்பு முடிந்த இரண்டு மா நிலத்தில் வாடகை டிராக்டரை விட்டேன். களிமண் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. நாலே நாள் வெயிலில் உள்ளிருந்த ஈரமெல்லாம் போய்விட்டது. கட்டியும் உடையவில்லை, விதையில் பாதி முளைக்கவும் இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் அப்பா தெளித்தது மஞ்சளாய்ப் பூத்து நின்றது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தையில் விதைக் கூடையை என் கையில் கொடுத்தார்.

உழாமல் விதைப்பது நமக்கு மட்டும் உரியதல்ல. பிரேசிலின் பரானா மாநிலத்தில் எர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, மழை தன் மேல்மண்ணை அடித்துக்கொண்டு போவதைப் பொறுக்க மாட்டாமல், 1972-ல் உழாமலே சோயா விதைத்தார். மண்ணைக் கிளறாதே, மூடாக்கை எடுக்காதே, பயிரை மாற்று என்ற மூன்று விதிகளையும் சேர்த்து இன்று வளங்காப்பு வேளாண்மை என்கிறார்கள். நெல்லுக்கு நாம் வயலைச் சேறாக உழுது சேடை ஓட்டுகிறோம்; ஆகவே நம்முடையது முழுக்க உழாத நிலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுப்புக்குப் பிந்திய அந்த இரண்டரை மாதம் அது அசல் வளங்காப்புதான்.

அதுவும் இப்போது கைநழுவுகிறது என்பதே என் கவலை. அறுவடை வண்டியின் பெல்ட் ஏறிய தடத்தில் முளை நசுங்கிப் போகிறது. பின்னாலேயே கட்டு கட்டும் இயந்திரம் வந்து வைக்கோலை வாரிக்கொண்டு போகிறது. மூட ஒன்றும் இல்லாமல் மண் காய்ந்து வெடிக்கிறது. வைக்கோல் விற்ற காசு கைக்கு உடனே வருகிறது, உண்மைதான். அந்தக் காசுக்கு நாம் விற்பது அடுத்த பயிரின் ஈரத்தை.

தம்பிமார்களே, வண்டி புதையாதபடி அறுப்புக்கு முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். தாளைச் சற்று உயர்த்தி அறுக்கச் சொல்லுங்கள். ஒரு மாவிலாவது வைக்கோலை அப்படியே கிடக்க விடுங்கள். மாசியில் உளுந்து பூக்கும்போது ஒரு செடியைத் தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கும் வேலை அங்கே நடந்துகொண்டிருக்கிறது.