வழக்கு ஆற்றங்கரையில் தொடங்குகிறது

சென்னை சேப்பாக்கத்தில், எழிலகத்தை ஒட்டி நிற்கிறது கலச மஹால். ஆற்காட்டு நவாபின் அரண்மனையாக இருந்தது; 2012-இல் தீப்பிடித்துச் சிதைந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கேதான் நடக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக அங்கே நெடுநாளாக வாதாடிவரும் வழக்கறிஞர் ஒருவரின் வேலையை அருகிலிருந்து பார்க்கப் போயிருந்தேன். எல்லோரும் அவரை 'மேடம்' என்றே அழைக்கிறார்கள்.

விசாரணைக்கு முந்தைய நாள் மாலை, உயர் நீதிமன்றத்தை ஒட்டிய தெருவொன்றில் உள்ள அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சாயப்பட்டறையை மூடச் சொன்ன வாரிய உத்தரவை எதிர்த்து வந்த மேல்முறையீடு அது. மாவட்டத்திலிருந்து வந்த வாரியத்தின் இளம் பொறியாளர் கோப்புக் கட்டைப் பிரித்து வைத்தார். மேடம் உத்தரவைத் தொடவில்லை. நீர் மாதிரி எடுத்ததற்கான ஒற்றைத் தாளைத்தான் முதலில் உருவினார்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க தம்பி? பட்டறை சார்பா யார் நின்னாங்க? நோட்டீஸ் வாங்கின கையெழுத்து எங்கே?"

பொறியாளர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். நேரம் எழுதிய இடத்தில் மேடத்தின் விரல் நின்றது. முதலில் எழுதியதன் மேலேயே வேறொரு மையில் திருத்தியிருந்தார்கள். பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை. "வண்டி லாக் புக் இருக்கா?" என்று கேட்டார். அலுவலகத்தில் இருக்கிறது என்றார் பொறியாளர். "ராத்திரிக்குள்ள நகல் வந்தாகணும்."

ஒரு திருத்தத்துக்கு ஏன் இத்தனை பாடு? 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் மாதிரி எடுக்கும் முறையை 21-ஆம் பிரிவில் படிப்படியாகச் சொல்கிறது. ஆய்வுக்கு அனுப்பப் போகிறோம் என்று ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் தர வேண்டும். அவர் எதிரில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். அவர் வேண்டுமென்றே விலகிப் போனால் அதற்கும் தனி வழி இருக்கிறது. இந்த முறை தவறினால் ஆய்வு முடிவு சட்ட நடவடிக்கையில் சாட்சியமாக நிற்காது. 1986-இல் தில்லி பாட்லிங் கம்பெனி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் ஆய்வறிக்கையை ஏற்க மறுத்தது 21-ஆம் பிரிவின் முறை பின்பற்றப்படாததால்தான்.

உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) 250 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. அறிக்கை இதைப்போல் பல மடங்கு காட்டினாலும், மாதிரி எடுத்த முறை பிசகினால் அந்த எண்களை வைத்து வாதாட முடியாது. ஆற்றங்கரையில் நிற்கும் பொறியாளர் பாட்டிலை மூடும்போதே வழக்கின் பாதி முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் வழக்கறிஞர்.

மறுநாள் அமர்வில் நீதித்துறை உறுப்பினரும் நிபுணர் உறுப்பினரும் இருந்தார்கள். சட்டம் மட்டும் தெரிந்தவர் அங்கே திணறிப்போவார்; நிபுணர் உறுப்பினர் குழாயைப் பற்றிக் கேட்பார், ஆவியாக்கியைப் பற்றிக் கேட்பார். மேடம் ஒரே தாளில் பென்சிலால் படம் வரைந்து வைத்திருந்தார். சுத்திகரிப்பு நிலையம் எது, உப்பு நீக்கும் பிரிவு எது, இரண்டையும் தாண்டி ஓடைக்குப் போகும் குழாய் எது என்று அதில் குறித்திருந்தது. நொய்யல் ஆறு பாழானதையடுத்து 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பின் 'ஜீரோ டிஸ்சார்ஜ்', அதாவது கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை, தெரியாமல் இந்தத் துறையில் வாதாட முடியாது.

வாதம் தொடங்கியதும் அவர் முதலில் சொன்னது அந்தத் திருத்தத்தைப் பற்றித்தான். எதிர்த்தரப்பு எழுப்புமுன் தானே எடுத்துச் சொல்லி, லாக் புக் நகலையும் நீட்டினார். பட்டறை வழக்கறிஞர் எழுந்து அதை வைத்தே வலுவாக வாதாடினார். முடிவில், கூட்டுக் குழு ஒன்று இடத்தைப் பார்த்துப் புதிதாக மாதிரி எடுக்கட்டும் என்று அமர்வு சொன்னது. வெளியே வந்ததும் பொறியாளரின் முகம் வாடியிருந்தது. "மறைச்சு ஜெயிச்சா, அடுத்த வழக்குல நாம சொல்றத யாரும் நம்ப மாட்டாங்க தம்பி" என்றார் மேடம்.

தனியார் வழக்கறிஞருக்கு ஒரு கட்சிக்காரர். வாரிய வழக்கறிஞரின் நிலை அப்படியல்ல. காலையில் ஆலைக்கு எதிராக வாதாடுவார், மதியம் ஒரு விவசாயி தொடுத்த வழக்கில், "இத்தனை ஆண்டு வாரியம் என்ன செய்தது?" என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். அப்போது செய்ததையும் செய்யாததையும் ஒளிக்காமல் எழுதும்படி அதிகாரிகளிடம் மன்றாடுவதே அவருடைய பெரிய வேலை. பதில் மனுவின் வரைவில் "தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று இருந்த வரியை அடித்து, "எந்தத் தேதி, என்ன நடவடிக்கை?" என்று ஓரத்தில் அவர் எழுதியதைப் பார்த்தேன்.

இந்த உழைப்பு வீண் போவதில்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடியது பற்றிய வழக்கில் ஆலைக்கு ஆதரவாகப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை விசாரிக்கவே தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்ற வாதத்தை 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் மூடல் செல்லும் என்றது. 2024 பிப்ரவரியில் ஆலையின் உரிமையாளரான வேதாந்தாவின் மேல்முறையீடும் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. தெருவில் மக்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டதை நீதிமன்றத்தில் நிலைநிறுத்தியவை கோப்புகளும் வாதங்களும்தான்.

மாசுபடுத்தியவரிடம் இழப்பீடு வசூலிக்க வாரியங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதிகாரம் கூடினால் அதை எதிர்த்து வரும் வழக்குகளும் கூடும். ஆகவே மாதிரி எடுக்கப் போகும் ஒவ்வொரு பொறியாளருக்கும் சாட்சியச் சட்டத்தில் பயிற்சி தர வேண்டும். வழக்கறிஞர்களையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓடைக்கரைக்கு அழைத்துப் போக வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஓடையில் சாயநீரோ நுரையோ கண்டால் தேதி, நேரம், இடம் குறித்துப் படமெடுத்து, மாவட்ட வாரிய அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் நேரடியாக வழக்குத் தொடுக்கப் பொதுவாக ஆறு மாதக் கெடுதான் இருக்கிறது. காலம் தாழ்த்தாதீர்கள்.