சொல் நின்ற நாளில்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் அன்னை நாற்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்து பட்டு நெய்தார். கூலி குறைந்த நாளிலும், மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி நெசவு நின்ற நாளிலும் அவர் வாயில் இருந்தது ஒரே சொல்: “இயேசுவே, துணையிரும்.” நாடா ஓடும் தாளத்தோடு அச்சொல்லும் ஓடும்.

இறுதி மாதத்தில் பக்கவாதம் அவர் நாவைக் கட்டியது. பிள்ளைகள் நாங்கள் படுக்கையருகே அமர்ந்து அச்சொல்லைச் சொன்னோம். அவர் உதடுகள் அசையவில்லை. வாழ்நாளெல்லாம் சொன்னவர் கடைசியில் சொல்லாமலே போய்விட்டாரே என்ற வேதனை எங்களை நெடுநாள் வாட்டியது.

எங்கள் ஊரின் நடுநாயகம் வரதராசப் பெருமாள் கோயில். பதினோராம் நூற்றாண்டில், உள்ளம் கலங்கிய இராமானுசர், பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு புரிந்த திருக்கச்சி நம்பிகளை விடை கேட்டுத் தருமாறு வேண்டினார். ஆறு வார்த்தைகள் விடையாக வந்தன என்பது வைணவ மரபு. அவற்றுள் ஒன்றை அண்டை வீட்டுப் பெரியவர் எங்களுக்கு எடுத்துரைத்தார்: சரணடைந்தவர் சாகும் வேளையில் இறைவனை நினைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எங்கள் விசுவாசம் வேறு. ஆயினும் அவ்வார்த்தை எங்கள் காயத்தை ஆற்றியது. சொல்தான் மனிதரைத் தாங்குகிறது என்று அதுவரை எண்ணியிருந்தோம். சொல் நாம் ஊன்றும் கோல் மட்டுமே; அது நழுவிய பின்னும் தாங்கும் கை ஒன்று உண்டு. கடைசி இழை அறுந்ததென்று, நெய்து முடித்த சேலையை எவரேனும் வீசி எறிவாரோ?