அகலாத முள்

பத்திரிகைத் தொழிலில் சாவுகளை எண்ணி எழுதியே பழகிப்போன கை என்னுடையது. 1995 ஜூலை 9ஆந் திகதி, இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவர்களில் பலர் சிறுவர்.

தம் வாசலில் நின்றோரையே காக்காத ஆண்டவரை எவ்வாறு தொழுவது? இக்கேள்வி இரு தடவையும் என்னை வாட்டியது.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்திலே, தம் உடலில் தைத்த முள்ளொன்றைப் பற்றிப் பவுல் கூறுகின்றார். அது நீங்கவேண்டுமென மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, தாங்கும் வலிமை அருளப்பட்டது. கெத்செமனேயில் இயேசு வேண்டியபோதும் துன்பக் கிண்ணம் அகலவில்லையே!

‘ஏன்?’ என்பதற்கு இன்றும் என்னிடம் விடையில்லை. ஆயினும், நவாலியில் ஆண்டுதோறும் அதே நாளில் உறவுகளை இழந்தோர் அதே ஆலயத்தில் கூடிச் சுடரேற்றி மன்றாடுகின்றனர். முள்ளோடு நடக்கும் வலிமையை அவர்களிடமே நான் கண்டேன், அன்பர்களே.