குடிலில் இருந்த கல்

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தே கண்விழிக்கும் இராசபாளையத்துக்காரர்களாகிய எங்களுக்குக் கடல் என்பது விடுமுறைக்கு மட்டுமே வாய்க்கும் விருந்து. கடந்த கோடையில் ஒருநாள் விடியுமுன்னே வேனில் புறப்பட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தி வீட்டாரையும், அவர்கள் வாங்கி வைத்திருந்த பால்கோவாவையும் ஏற்றிக்கொண்டு பாம்பன் சேர்ந்தோம். குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகு எங்களைக் குருசடைத் தீவிற்கு அழைத்துச் சென்றது. பெயரைக் கேட்டவுடன் நம் ஊர்க் குருசடிகள் நினைவில் எழுந்தன.

அந்தமானின் பேரன் தீவு எரிமலை கக்கிய குழம்பால் உருவானது. மன்னார் வளைகுடாத் தீவுகளின் கதையோ வேறு. கடுகளவே ஆன பவள உயிர்கள் சுண்ணாம்புக் கூடு கட்டிக் கட்டி எழுப்பிய பாறைகளின்மேல் மணல் சேர்ந்து உருவானவை அவை. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் இங்குண்டு. கடற்பசுவை நாங்கள் காணவில்லை. ஆழமற்ற தெளிந்த நீரில் கடல் அட்டையையும் வண்ண மீன்களையும் கண்டு பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர்.

மணலில் கிடந்த வெண்பவளத் துண்டொன்றை எடுக்கப் பேத்தி குனிந்தாள். உடன் வந்த வழிகாட்டி அன்போடு தடுத்தார். "இது உயிர் வாழ்ந்த வீடம்மா" என்றார். பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போனதை எடுத்துரைத்தார். 2001 முதல் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு உண்டு. ஆயினும் கடல்நீர் சூடேறியதால் 2016இல் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன.

பேத்தி எங்களை நிமிர்ந்து பார்த்தாள். "பாட்டி, நம் வீட்டுக் கல்லும் உயிரோடு இருந்ததா?"

எங்களால் உடனே பதில் கூற இயலவில்லை. மணமான புதிதில் இராமேசுவரம் வந்தபோது கடையில் நாங்களே ஆசையாய் வாங்கிய பவளக் கல் அது. ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் குடிலில் பனி மூடிய மலையாக அதனையே வைத்து வந்தோம். பாலகன் இயேசுவின் அருகில், அவர் படைத்த உயிர்களின் வெற்றுக் கூட்டை அழகென்று வைத்திருக்கிறோம்! "ஆம், கண்ணே. அன்று எங்களுக்குத் தெரியாது" என்றோம். அது உண்மைதான். ஆனால் கேட்டறிய முயன்றதில்லை என்பதும் உண்மையே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் பவளப்பாறைகளின் அழிவைக் குறித்தும் வருந்தியுள்ளார். அதனைப் பங்கில் வாசிக்கக் கேட்டபோது தொலைதூரக் கடல்களைப் பற்றியது என்றே எண்ணியிருந்தோம். அது எங்கள் அலமாரியைப் பற்றியதும்தான் என்று ஒரு குழந்தை உணர்த்தினாள்.

இவ்வாண்டுக் குடிலுக்குப் பழைய செய்தித்தாளும் பசையும் கொண்டு தானே மலை செய்வதாகக் கூறியிருக்கிறாள். அது எங்கள் ஊர் மலையைப் போலப் பச்சையாக இருக்க வேண்டுமாம். அப்படியே ஆகட்டும் என்றோம்.