பொலோனியாவில் நத்தார் விடுமுறை

டிசெம்பர் பிற்பகுதியில் விடுமுறை விட்டதும் இத்தாலிய மாணவர் பெட்டியுங் கையுமாய்த் தத்தம் ஊருக்குப் புகையிரதம் ஏறிவிடுவர். கடல்கடந்து கற்க வந்த எமக்கோ ஊர் வெகுதூரம். பயணச் செலவும் பெரிது. ஆதலால், பொலோனியா நகரிலேயே விடுமுறையைக் கழிக்கலானோம்.

வெறிச்சோடிய விடுதியில் அடைந்து கிடக்க மனம் ஒப்பவில்லை. வெளியே எலும்பைத் துளைக்குங் குளிர். ஆயினும், பனிக்கு நனையாமல் நடந்து திரியலாம். வீதியோரமெங்கும் தூண்கள் தாங்கிய நடைமண்டபங்கள் உள்ளன. அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 62 கிலோ மீற்றர். 1088ஆம் ஆண்டிலே தோன்றியதாகக் கொள்ளப்படும் சருவகலாசாலையை நாடி அயலூர் மாணவர் திரண்டபோது, குடியிருக்க இடம் போதவில்லை. வீட்டார் மேல்மாடியை வீதிப்பக்கம் நீட்டித் தூண் கொடுத்தனர். 1288இல், புதுவீடு ஒவ்வொன்றும் இத்தகைய மண்டபத்தோடு அமைதல் வேண்டுமெனச் சட்டமும் எழுந்தது.

நத்தாரன்று, இறைச்சி பொதிந்த 'தோர்த்தெல்லினி' என்னும் சிறு மாப்பண்டத்தை ஆவி பறக்கும் இறைச்சிச் சாற்றிலிட்டு உண்பது இவ்வூர் மரபு. நாமும் உண்டோம், உடலிற் சூடேறிற்று. ஆண்டிறுதி நள்ளிரவில் மாஜியோரே சதுக்கத்திலே பெருங் கிழவன் உருவமொன்றைக் கொளுத்திப் பழைய ஆண்டை வழியனுப்புவர். சனத்திரளிடையே நின்று அத்தீயைக் கண்டோம். முன்பின் அறியாதோர் எம் கைபற்றி வாழ்த்துரைத்தனர். வீட்டை நினைந்து கலங்கிய நெஞ்சம் ஒருவாறு தேறிற்று.

ஜனவரி 6ஆந் திகதித் திருநாளோடு விடுமுறைக் கொண்டாட்டம் முடிகிறது. அயலூர் மாணவருக்காகத் தன் வீடுகளையே அகலித்த நகரில் நாம் அந்நியராவது எங்ஙனம்?