இப்போது என் முறை

எங்கள் ஒர்க்‌ஷாப் மூலையில் பழைய கிரைண்டிங் மெஷின் ஒன்று நிற்கிறது. அதன் எலக்ட்ரிக்கல் பாக்ஸ் மேல் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். அதில் இரண்டே சொற்கள்: "நோ தோக்கார்". கம்பெனி பெயர் போலிருக்கிறது என்று முதலாம் ஆண்டு முழுவதும் நினைத்திருந்தேன். ஒருநாள் சாரிடம் கேட்டேன். "அது ஸ்பானிஷ்டா. மெஷின் ஸ்பெயின்ல செஞ்சது. தொடாதேன்னு அர்த்தம்" என்றார்.

தொடாதே! எனக்குப் புதிய சொல்லா அது?

என் அம்மா வீட்டு வேலை செய்பவர். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். வாசலிலேயே சொல்லிவிடுவார்: "எதையும் தொட்டுடாத சாமி. ஒடஞ்சா நம்மளால குடுக்க முடியாது." ஒரு வீட்டில் ஆர்மோனியம் இருந்தது. ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பார்க்க ஆசை. நான்கு வருஷமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தேன்.

அந்தப் பழக்கம் பாலிடெக்னிக்கிலும் விடவில்லை. ஒரு லேத்துக்கு நாங்கள் ஐந்து பேர். என் முறை வந்தால், "நீ பண்ணுடா, நான் அளவு எழுதிக்கறேன்" என்று அடுத்தவனிடம் தள்ளிவிடுவேன். வெர்னியர் பிடிப்பேன். ரெக்கார்டு நோட்டு அழகாக எழுதுவேன். சக் கீயை மட்டும் தொட மாட்டேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஏதாவது உடைந்துவிட்டால்?

அந்த ஸ்டிக்கர் மனசை விட்டுப் போகவில்லை. மாவட்ட மைய நூலகத்தில் ஸ்பானிஷ் அகராதியைத் தேடிப் புரட்டினேன். தோக்கார் என்றால் தொடுவது. கதவைத் தட்டுவதும் அதுதான். 'டொக் டொக்' என்ற ஒலியிலிருந்தே அந்தச் சொல் பிறந்தது என்கிறார்கள். கிதார் வாசிப்பதும் தோக்கார். நாம் வாசிப்பது, அடிப்பது, ஊதுவது என்று பிரித்துச் சொல்வதை எல்லாம் அவர்கள் இந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். லாட்டரிப் பரிசு விழுந்தாலும் இதே வினைதான். "தொட்டேன்" என்பதற்கு "தோக்கே". அதை எழுதும்போது 'சி' போய் 'க்யூ, யு' வரும். ஆனால் 'க' ஒலி மாறாது.

கடைசியாக ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது: "மெ தோக்கா அ மி". பொருள்: "இப்போது என் முறை." படித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டேன். தொடாதே என்று தடுக்கிற அதே வினை, வா, உன் முறை என்றும் கூப்பிடுகிறதே!

அடுத்த பிராக்டிகலில் சார் "அடுத்து யாருப்பா?" என்றார். "நான் சார்" என்றேன். நண்பர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கை நடுங்கியது. டூல் பட்டதும் இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. அளந்து பார்த்தால் அரை மில்லிமீட்டர் குறைவு! "பரவால்ல, அடுத்ததுல சரி பண்ணிக்கோ" என்றார் சார். வேறொன்றும் உடையவில்லை.

அந்த வீணான ஜாப்பைச் சாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "தொட்டுப் பாக்கலாமா சாமி?" என்றார்.

"நீ தொடறதுக்குத்தாம்மா கொண்டாந்தேன்."

நண்பர்களே, என்னைப் போல் கையைப் பின்னால் கட்டி நிற்பவர்கள் நம் வகுப்புகளில் இன்னும் இருப்பீர்கள். முறை வந்தால் அடுத்தவனிடம் தள்ளிவிடாதீர்கள். அரை மில்லிமீட்டர் குறைந்தால் குறையட்டும்.

ஆனால் அந்த எலக்ட்ரிக்கல் பாக்ஸை மட்டும் தயவுசெய்து தொட்டுவிடாதீர்கள்!

- இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்